சூடு இருக்கிறது, ஈரம் போகவில்லையே!



நவம்பர் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் தோட்டப்புறத்துத் தாய்மார்களுக்கு மற்றக் கவலைகளோடு துணிக் கவலையும் சேர்ந்துகொள்ளும். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை விடிவதற்குள் காயவேண்டும். வேலைக்காட்டுக்குப் போகிறவரின் கனத்த காற்சட்டை காயவேண்டும். கொடியில் போட்ட துணியோ மூன்று நாளானாலும் சில்லென்றே இருக்கும்; நான்காம் நாள் ஒரு வாடையும் அடிக்கும். லயத்து வீடுகளில் இருந்த நாளில் அடுப்புக்கு மேலே மூங்கில் கட்டி அதில் துணியைப் போட்டுவிடுவார்கள். மறுநாள் வகுப்பில் உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளையின் சட்டையில் விறகுப் புகை மணக்கும். அந்த மணத்தை வைத்தே தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்துகொள்வார்கள்.

இப்பொழுது பல வீடுகளில் டிரையர் என்னும் துணி உலர்த்தும் இயந்திரம் வந்துவிட்டது. புதிதாக வாங்கியவர்கள் உண்டு. பட்டணத்தில் வேலை பார்க்கும் மகனோ மகளோ வேறொன்று வாங்கிக்கொண்டு பழையதை வீட்டுக்கு அனுப்பிவைத்ததும் உண்டு. வந்த புதிதில் ஒன்றரை மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்து வந்த துணி, ஓராண்டு ஈராண்டு கழித்து மூன்று மணி நேரம் ஓடியும் ஈரமாகவே வருகிறது. "சூடெல்லாம் நல்லாத்தான் இருக்கு, துணிதான் காயமாட்டேங்குது" என்பது நாம் போகுமிடமெல்லாம் கேட்கும் குறை. சொல்கிறவர்கள் அறியாமலே காரணத்தையும் அதில் சொல்லிவிடுகிறார்கள். சூடு இருக்கிறது, ஆகவே கெட்டுப்போனது சூடு அல்ல. பெரும்பாலான வீடுகளில் அடைபட்டிருப்பது காற்று.

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கித்தாத் தோட்டத்தில் ஷீட் போட்ட காலத்தை அறிந்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் அவரையே கேட்டுப் பாருங்கள். பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, நீர் வடியவிட்டு, பிறகுதான் புகை போடும் கட்டடத்துக்குள் தொங்கவிடுவார்கள். அங்கே நான்கைந்து நாள் கிடக்கும். கீழே விறகு எரியும். ஆனால் அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் விறகை மட்டுமா பார்த்துக்கொண்டிருந்தார்? கூரையில் காற்றுப்போக்கிகள் இருந்தனவே, அவற்றையும் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். முதல் நாள் தகட்டில் ஈரம் மிகுதி. ஆகவே போக்கிகளை நன்றாகத் திறந்துவைத்துச் சூட்டை மிதமாக விடுவார். ஈரம் குறையக் குறையப் போக்கியைச் சுருக்கிச் சூட்டைக் கூட்டுவார். முதல் நாளே எல்லாவற்றையும் மூடிவிட்டு விறகை அள்ளிப் போட்டால் என்ன ஆகும்? உள்ளே வேர்க்கும், தகட்டில் கொப்புளம் கிளம்பும், ஈரம் மட்டும் போகாது. தரம் பிரிக்கும்போது அந்தத் தகடுகள் கீழே தள்ளப்படும். நம்முடைய டிரையரும் ஒரு சிறிய புகைக்கட்டடம்தான். புகை இல்லை, அவ்வளவே வேறுபாடு.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில் குளிர் கடுமை. வெளியே போட்ட துணி பனியில் விறைத்துப் பலகைபோல ஆகிவிடும். ஜே. ராஸ் மூர் என்பவர் இதற்கு ஒரு வழி தேடி, ஒரு கொட்டகை போட்டு அதில் அடுப்பு வைத்துத் துணியைத் தொங்கவிட்டார். அதிலிருந்துதான் அவருக்குச் சுழலும் உருளையின் எண்ணம் வளர்ந்தது. அவர் கண்ட இயந்திரம் 1938இல் விற்பனைக்கு வந்தது. நம் பாட்டிமார் அடுப்புக்கு மேலே மூங்கில் கட்டியதும் அவர் கொட்டகைக்குள் அடுப்பு வைத்ததும் ஒரே அறிவுதான். ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை.

காற்றைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். காற்று ஈரத்தைச் சுமக்கும். ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. மழை நாளில் நம் வீட்டைச் சுற்றியுள்ள காற்றில், ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள இடத்தில், ஏறத்தாழ 20 கிராம் தண்ணீர் ஆவியாக ஏற்கெனவே இருக்கும். இன்னும் ஐந்தாறு கிராம்தான் அது தாங்கும். கொடியில் துணி காயாததற்குக் காரணம் இதுவே. அதே காற்றை 60 டிகிரி வரை சூடாக்கினால் அது 130 கிராம் வரை தாங்கும். கூலிக்கு வந்த ஆளின் தலையில் பெரிய கூடையை வைத்தது போல. சரி, கூடை நிறைந்த பிறகு என்ன செய்யவேண்டும்? அந்த ஆள் வெளியே போகவேண்டும். வெறுங்கூடையோடு அடுத்த ஆள் உள்ளே வரவேண்டும். வாசலை அடைத்துவிட்டால், நிறைந்த கூடையோடு எல்லாரும் உள்ளேயே நின்றுகொண்டிருப்பார்கள். சூட்டை எவ்வளவு கூட்டினாலும் வேலை நடக்காது.

டிரையருக்குள் இருப்பவை சிலவே. துணியைப் புரட்டும் உருளை, காற்றைச் சூடாக்கும் கம்பிச்சுருள், காற்றை இழுத்துத் தள்ளும் விசிறி, துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசியைப் பிடிக்கும் சல்லடை, ஈரக்காற்று வெளியேறும் வாய், உருளையையும் விசிறியையும் ஓட்டும் மோட்டார். இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத காவல்காரர் இருவர். ஒருவர் சூடு ஓர் அளவைத் தாண்டினால் கம்பிச்சுருளை நிறுத்தி, ஆறியதும் மீண்டும் விடுகிற வெப்பக் கட்டுப்பாட்டு விசை. மற்றவர் வெப்ப பியூஸ். முதல் காவல்காரராலும் முடியாமல் சூடு எல்லை மீறினால் இவர் தம் உயிரைக் கொடுத்து மின்சாரத்தை அறுத்துவிடுவார். ஒருமுறை போனால் போனதுதான்; புதியது போடவேண்டும். சில இயந்திரங்களில் இதற்குப் பதிலாக, கையால் அழுத்திவிடும் பொத்தான் இருக்கும்.

காற்று அடைபட்டால் நடப்பது இதுதான். கம்பிச்சுருளின் சூட்டை எடுத்துச்செல்லக் காற்று இல்லாததால் அந்த இடம் விரைவில் கொதித்துப்போகிறது. காவல் விசை கம்பிச்சுருளை நிறுத்துகிறது. ஆறுகிறது, மறுபடி ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. ஒரு மணி நேரத்தில் பாதி நேரம் சூடே இல்லாமல் உருளை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்து கையை வைத்தால் சுடத்தான் செய்யும். துணியோ வேகவைத்த இடியாப்பம்போல வெதுவெதுப்பும் ஈரமுமாக இருக்கும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தோட்டத்து வீட்டுக்கு, மின்பணி தெரிந்த நண்பர் ஒருவரோடு போயிருந்தோம். வீட்டுக்காரர் செம்பனை வேலைக்குப் போகிறவர். அந்த அம்மா அக்கம்பக்கத்து ஐந்தாறு வீட்டுத் துணியை வாங்கித் துவைத்து, உலர்த்தி, மடித்துக் கொடுத்துச் சம்பாதிக்கிறார். மூத்த பிள்ளையின் வகுப்புக் கட்டணம் அந்தக் காசில்தான். டிரையர் மூன்றரை மணி நேரம் எடுக்கிறதாம். முதலில் வந்த பழுதுபார்ப்பவர் கம்பிச்சுருள் தேய்ந்துவிட்டது என்று புதியது போட்டார். குறை தீரவில்லை. இரண்டு மாதத்தில் சூடே வராமல் போயிற்று. இரண்டாவதாக வந்தவர் வெப்ப பியூஸ் போய்விட்டது என்று மாற்றினார். அதுவும் மூன்று வாரத்தில் போயிற்று. மூன்றாவதாக வந்தவர், "இனிமே இது நிக்காதும்மா" என்று சொல்லி ஏதோ செய்துவிட்டுப் போனார். உண்மையிலேயே அதன் பிறகு நிற்கவில்லை. ஆனால் இரவில் ஒரு கருகல் வாடை வருகிறதென்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம்.

நம் நண்பர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதலில் பின்பக்கக் குழாயைத்தான் பார்த்தார். "அம்மா, இந்தக் குழாய் எங்கே போகுது?" என்று கேட்டார்.

"வெளியிலதான் போகுதுண்ணே. பல்லி, பாம்பு நுழைஞ்சிடும்னு தம்பி நுனியில வலை கட்டி வச்சிருக்கான்."

வெளியே போய்ப் பார்த்தோம். வலையைக் காணோம். அது இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல ஒன்று, விரல் கனத்துக்கு. கொசுவலையின் சிறு கண்களில் பஞ்சுத்தூசி ஒட்டி, ஒட்டி, முழுக்க அடைத்துப்போயிருந்தது. குழாயோ இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையே நசுங்கிக் கிடந்தது. பிறகு பின்தகட்டைக் கழற்றினார். மூன்றாவதாக வந்தவர் செய்த வேலை அங்கே இருந்தது: வெப்ப பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வயரையும் நேரே முறுக்கிச் சேர்த்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. கம்பிச்சுருளின் மூடியைச் சுற்றிப் படிந்திருந்த பஞ்சு தேநீர் நிறத்துக்குக் கருகியிருந்தது. காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துபோட்ட கதை. அந்த டிரையர் ஓடிக்கொண்டிருந்த சுவருக்கு மறுபுறம் பிள்ளைகள் படுத்திருந்தார்கள்.

மூவரில் முதல் இருவரையும் கெட்டிக்காரர் இல்லை என்று சொல்லமாட்டோம். கெட்ட உறுப்பை மாற்றினார்கள். அது ஏன் கெட்டது என்று கேட்கவில்லை. வெப்ப பியூஸ் தானாகப் போவது குறைவு. அது போயிற்று என்றால் பெரும்பாலும் எங்கோ காற்று அடைபட்டிருக்கிறது, அல்லது காவல் விசை பழுதாகியிருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டுக்குப் பழுதுபார்க்க வருபவரிடம், "பியூஸ் ஏன் போச்சு?" என்று கட்டாயம் கேளுங்கள். பியூஸை விட்டுவிட்டு நேரடியாக இணைத்துத் தருகிறேன், காசு மிச்சம் என்று யாராவது சொன்னால், காசு கொடுத்தாலும் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள். அந்தச் சிறு உறுப்பின் விலை இயந்திரத்தின் விலையில் ஒரு தூசு.

ஆள் கூப்பிடுவதற்கு முன் நாமே பார்க்கக்கூடியவை பல. எதைத் தொடுவதற்கு முன்னும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

சல்லடையிலிருந்து தொடங்குவோம். அது கதவின் உட்புறத்திலோ கதவுக்கு அடியிலோ உருளையின் பின்சுவரிலோ இருக்கும். அதில் படியும் பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுக்கவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும். எடுக்கிறோமே என்பார்கள். ஆனால் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் சல்லடையும் அடைபட்டிருக்கலாம். துணி மிருதுவாக இருக்கவும் மணக்கவும் ஊற்றுகிற திரவம் மெல்லிய மெழுகுபோல வலைக்கண்களில் படிந்துவிடும். இதை அறிய எளிய சோதனை உண்டு. சல்லடையைக் கழற்றி அதன்மேல் குழாய்த் தண்ணீரை விடுங்கள். தண்ணீர் உடனே கீழே இறங்கினால் நல்லது. தட்டில் நிற்பதுபோல மேலே நின்றால் காற்றும் அப்படித்தான் நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், பழைய பல்துலக்கி, இவை போதும். மெதுவாகத் தேய்த்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். கிழிந்திருந்தால் புதியது வாங்குங்கள். சல்லடையே இல்லாமல் ஓட்டவே கூடாது. பஞ்சு எல்லாம் நேரே உள்ளே போகும்.

அடுத்து, காற்று போகும் வழி. வெளிக்குழாய் உள்ள வீடுகளில் அதைக் கழற்றிப் பாருங்கள். நீளமும் வளைவும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மெல்லிய பிளாஸ்டிக் குழாயைவிட உள்ளே வழவழப்பான தகரக் குழாய் நல்லது. பஞ்சு தங்காது, எரியவும் செய்யாது. நுனியில் வலை வேண்டாம். காற்று வந்தால் திறந்து நின்றால் மூடிக்கொள்ளும் மடிப்பு மூடி கடைகளில் கிடைக்கும். பல்லிக்கும் பாம்புக்கும் அதுவே பாதுகாப்பு. இயந்திரம் ஓடும்போது அந்த வாயில் ஒரு நீளத் தாளைப் பிடித்துப் பாருங்கள். படபடவென்று அடித்தால் வழி சுத்தம். சோம்பலாக அசைந்தால் எங்கோ அடைப்பு.

நம் நாட்டில் பல வீடுகளில் வெளிக்குழாயே இல்லை. இயந்திரத்தைக் குளியலறைக்கு வெளியிலோ பின்கட்டுச் சாமான் அறையிலோ வைத்து, ஈரக்காற்றை அந்த அறைக்குள்ளேயே விட்டுவிடுகிறோம். கொசு வரும் என்று சன்னலையும் அடைத்துவிடுகிறோம். அரைமணி நேரத்தில் அந்த அறைக்குள் போய்ப் பாருங்கள்: சுவர் வேர்த்திருக்கும், கண்ணாடி மங்கியிருக்கும். இயந்திரம் தான் வெளியே விட்ட ஈரத்தையே திரும்ப உறிஞ்சிக்கொண்டு திண்டாடுகிறது. சன்னலையும் கதவையும் திறந்துவைத்தாலே அரைமணி நேரம் மிச்சமான வீடுகளை நாம் அறிவோம். இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிவைப்பதும் நல்லது. அது மூச்சுவிட இடம் வேண்டுமல்லவா?

குளிரவைத்தோ வெப்ப இறைப்பி முறையிலோ ஈரத்தைத் தண்ணீராக மாற்றித் தொட்டியில் சேர்க்கும் வகை இயந்திரங்களும் இப்பொழுது வருகின்றன. அவற்றுக்குக் குழாய் வேண்டாம். ஆனால் அவற்றிலும் சல்லடை உண்டு, தொட்டியைக் காலி செய்யவேண்டும், உள்ளே இருக்கும் தகட்டு வரிசையில் சேரும் பஞ்சை எடுக்கவேண்டும். அவ்வகை இயந்திரம் இயல்பாகவே சற்று அதிக நேரம் எடுக்கும். அதைக் குறை என்று எண்ணி ஆள் கூப்பிடவேண்டாம்.

இனி, குற்றம் டிரையரிலேயே இல்லாத சந்தர்ப்பத்துக்கு வருவோம். துணி எவ்வளவு ஈரத்தோடு உள்ளே போகிறது? இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். காய்ந்த நிலையில் 5 கிலோ எடையுள்ள துணி, சலவை இயந்திரத்தில் நன்றாகச் சுழற்றிப் பிழிந்த பிறகு சுமார் 3 கிலோ தண்ணீரைத் தாங்கியிருக்கும். கையால் பிழிந்தால் 5 கிலோ தண்ணீர் இருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க எப்படிப் பார்த்தாலும் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் வேண்டும். இயந்திரம் எவ்வளவு உயர்ந்ததானாலும் இந்த வகையில் அதற்குக் கீழே இறங்கமுடியாது. 2,000 வாட் இயந்திரம் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட் எரிக்கும். ஆகவே கையால் பிழிந்த அந்தக் கூடுதல் 2 கிலோ தண்ணீருக்காக மட்டும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அதிகமாக ஓடவேண்டும். மாறாக, சலவை இயந்திரத்தில் இன்னும் ஐந்து நிமிடம் சுழற்ற ஆகும் மின்சாரம் மிகச் சொற்பம். தண்ணீரைச் சூட்டால் விரட்டுவதைவிடச் சுழற்றி விரட்டுவது மலிவு. பில் கட்டுகிறவர்கள் இதை மறக்கமாட்டார்கள்.

உருளையை நெருக்கி அடைப்பதும் கூடாது. துணி விழுந்து புரள இடம் வேண்டும். பாதிக்குச் சற்று மேலே போதும். கனத்த ஜீன்ஸையும் மெல்லிய பாவாடையையும் ஒன்றாகப் போட்டால், பாவாடை காய்ந்து பொரிந்த பிறகும் ஜீன்ஸின் இடுப்புப் பட்டைக்காக இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். படுக்கை விரிப்பு மற்றத் துணிகளைத் தன்னுள் சுருட்டி உருண்டையாக்கிவிடும். நடுவில் ஒருமுறை நிறுத்தி உதறிப் போடுங்கள்.

இவ்வளவும் செய்தும் பயன் இல்லையென்றால் அப்பொழுது பழுது உள்ளே இருக்கிறது. வெறும் இயந்திரத்தை ஐந்து நிமிடம் ஓட்டி வெளிவரும் காற்றில் கையை வையுங்கள். காற்று வலுவாக வருகிறது, ஆனால் குளிர்ந்தே இருக்கிறது என்றால் கம்பிச்சுருளோ வெப்ப பியூஸோ போயிருக்கலாம். சூடு வருகிறது, உருளை சுற்றவில்லை, மோட்டார் மட்டும் முனகுகிறது என்றால் ரப்பர்ப் பட்டை அறுந்திருக்கும். இந்த வேலைகளை மின்சாரம் படித்த ஆளிடம் விட்டுவிடவேண்டும். பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா என்பதையும் பாருங்கள். டிரையர் எட்டு ஒன்பது ஆம்பியர் மின்சாரத்தை மணிக்கணக்காக இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில், அதுவும் சுருட்டியபடி வைத்து, அதிலேயே அரிசிக் குக்கரையும் மாட்டினால் வயரே அடுப்பாகிவிடும். சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் நேரே மாட்டுங்கள்.

தீயைப் பற்றி அடிக்கடி சொல்கிறோம், பயமுறுத்துவதற்காக அல்ல. பஞ்சுத்தூசி என்பது பிரித்து வைத்த பஞ்சுத்திரி. அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரை எடுத்த கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 வீட்டுத் தீ விபத்துகள் டிரையரால் நேர்ந்தவை; அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் சுத்தம் செய்யாமை. 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் பல மாடிகளுக்குத் தீ ஏறியது. தொடங்கிய இடம் ஒரு வீட்டின் டிரையர். அவ்வகை இயந்திரத்தில் பஞ்சு சூட்டுச் சுருளில் பட்டுத் தீப்பிடிக்கலாம் என்று 2015இலேயே அறிவிப்பு வந்திருந்தது. படித்தவர் வாழும் பெரிய நகரத்திலும் இது நடந்திருக்கிறது.

தோட்டத்து வீடுகளுக்கென்று தனியாகச் சில சொல்லவேண்டும். செம்பனை ஆலையிலும் இயந்திரக் கொட்டகையிலும் வேலை செய்கிறவர்களின் துணியில் எண்ணெயும் கிரீசும் ஏறியிருக்கும். புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பெட்ரோல் ஊற்றும்போது சட்டையில் சிந்தியிருக்கும். சமையலறையில் எண்ணெய் துடைத்த துணியும் அப்படியே. ஒருமுறை துவைத்தால் எண்ணெய் முழுதும் போவதில்லை. இவற்றைச் சூடான உருளையில் போட்டு, பிறகு சூட்டோடு குவித்துவைத்தால், குவியலின் நடுவே சூடு ஏறி ஏறித் தானாகவே புகையத் தொடங்கும். ஆகவே இவை கொடிக்குரியவை. எத்தனை நாளானாலும் கொடிதான். களைக்கொல்லி, பூச்சிமருந்து தெளித்தவரின் உடுப்பையும் தனியாகத் துவைத்து வெளியில்தான் போடவேண்டும். பிள்ளையின் சட்டை சுற்றுகிற உருளைக்குள் அந்த மருந்தின் மிச்சம் எதற்கு? நுரை ரப்பர் வைத்த தலையணையும் ரப்பர் அடிப்பாகமுள்ள கால்மிதியும் டிரையருக்கு ஆகாதவை. ரப்பரை வாழ்நாளெல்லாம் காயவைத்த நம் பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். ஆனால் அவர்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார்கள். நாமோ பொத்தானை அழுத்திவிட்டுப் படுக்கப் போய்விடுகிறோம். படுக்கப் போகும்போதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போதும் டிரையர் ஓடவேண்டாம். கடைசிப் பத்து நிமிடம் சூடில்லாமல் சுற்றுகிறதே, அது வீண் என்று எண்ணி நிறுத்தவும் வேண்டாம். துணியின் சூட்டைத் தணிக்கவே அப்படிச் சுற்றுகிறது.

பட்டணத்துச் சுயசேவை டோபிக் கடைக்குத் துணி கொண்டுபோகிறவர்களும் இருக்கிறீர்கள். நாணயம் போட்டு நேரம் வாங்கும் அந்த எரிவாயு இயந்திரங்களும் இதே விதிக்கு அடங்கியவைதான். முன்னே ஓடிய இயந்திரத்தின் பஞ்சை எடுக்காமலிருந்தால் உங்கள் வெள்ளிதான் வீணாகும். காசு போடுவதற்கு முன் சல்லடையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எட்டாத இடத்திலிருந்தால் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அங்கேயும் எண்ணெய்த் துணியைப் போடாதீர்கள். அடுத்து வருகிறவரின் துணியும் அதே உருளைக்குள் சுற்றவேண்டியதுதானே?

அந்த அம்மாவின் வீட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். நம் நண்பர் முறுக்கியிருந்த வயரைப் பிரித்து, அந்த இயந்திரத்துக்கு உரிய புதிய வெப்ப பியூஸைப் பொருத்தினார். உள்ளே சேர்ந்திருந்த பஞ்சைத் தூரிகையாலும் உறிஞ்சும் இயந்திரத்தாலும் எடுத்தார். ஒரு நெகிழிப் பை நிறைய இருந்தது. நசுங்கிய குழாயை எறிந்துவிட்டு, ஒரு முழ நீளத் தகரக் குழாயும் மடிப்பு மூடியும் போட்டார்கள். வலை கட்டிய பையனே பேனாவை எடுத்து ஒரு தாளில் தேதியையும், "துணி 5 கிலோ, 1 மணி 40 நிமிடம்" என்பதையும் எழுதி டிரையரின் பக்கவாட்டில் ஒட்டினான். அந்த நேரம் இரண்டு மணியைத் தாண்டுகிற நாளில், பழுதுபார்ப்பவருக்குப் போன் பண்ணுவதற்கு முன் வெளியே போய்க் குழாயின் வாயைப் பார்ப்பது அவன் பொறுப்பு என்று தாயும் மகனும் பேசி வைத்திருக்கிறார்கள்.